அரிசி டப்பாவுக்குள் ஒரு ஹார்டு டிஸ்க்

டப்பாவைத் திறந்ததும் வண்டு விழுந்த அரிசியின் வாசனை. உப்புக்காற்று பட்டால் ஹார்டு டிஸ்க் போய்விடும் என்று நீதான் அதை அரிசிக்குள் புதைத்து வைப்பாய். கேபிள் சொருகும் ஓட்டையில் அரிசி மாட்டிக்கொள்ளும்; குண்டூசியால் குத்தி எடுத்துக்கொண்டே உன்னைத் திட்டுவேன். இன்றும் ஒன்றைக் குத்தி எடுத்தேன். திட்டத்தான் நீ இல்லை.

நம் ஜெராக்ஸ் கடைப் படங்கள் எல்லாம் இந்த டிஸ்க்கில்தான்; இதில் இடமே இருக்காது. காரணம் நீ. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் உன் உப்பளத்து மோட்டார் கொட்டகை மேல் ஏறி, ஒரே இடத்தில் நின்று எல்லை வரப்பைப் படமெடுப்பாய். மழையில் கரையும் வரப்பைத் தை மாதம் புதிதாகப் போட வேண்டும் அல்லவா?

"ஒரே வரப்ப எத்தினி வருஷம்டா எடுப்ப? கடைசி காப்பி போதும், மத்தத தூக்கு" என்பேன்.

"டேய் இன்ஜினியரு, கரைஞ்ச வரப்பு அதே எடத்துலயா எழுந்திருக்கும்? பக்கத்துல இறால் குட்டைக்காரன் இருக்கான்டா."

போன வருஷம் ஒரு கல்யாண வீடியோவுக்கு இடம் போதவில்லை. நீ உப்பளத்தில் இருந்தாய். கடைசிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன். வந்து கேட்டாய். "பேக்கப் எடுத்துட்டேன்டா, போ" என்றேன். நம்பினாய். ஈ.சி.ஆர். சாலையில் லாரி மோதி நீ போகும்வரை நம்பிக்கொண்டுதான் இருந்தாய்.

நேற்று உன் மனைவி வந்தாள். அடுத்த வாரம் எல்லை அளக்க வருகிறார்களாம்.

"அண்ணே, பழைய படம் எல்லாம் கடையில இருக்குதுன்னு அவரு சொல்லுவாரு. மொதல்ல எடுத்தது ஒண்ணு குடுங்க, போதும்."

"இருக்குது" என்றேன்.

காலையிலிருந்து அழித்ததை மீட்டுப் பார்க்கிறேன். பெயர்கள் வருகின்றன, படங்கள் வரவில்லை. ஒன்று மட்டும் பாதி திறந்தது. மேலே வானமும் எல்லையோர மொட்டைப் பனையின் உச்சியும். வரப்பு இருக்க வேண்டிய கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். முழுதாக இருப்பது போன வருஷத்துப் படம்தான். அதில் பனை வரப்புக்கு அந்தப் புறம், குட்டைக்காரன் பக்கம் நிற்கிறது. முதல் படத்தில் அது உன் பக்கம் நின்றதை, திரையில் விரல் வைத்து நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். கடைசிக் காப்பியில் திருட்டும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. படித்தவன் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியானம் குட்டைக்காரனே ஜெராக்ஸ் எடுக்க வந்தான்.

"ஏம்பா, பழசெல்லாம் அழிச்சிட்டியாமே? டீக்கடையில நீயே பெருமையா சொன்னியாம்." சிரித்தான். "போன வருஷத்து படம் இருக்குதில்ல? அத பத்திரமா வெச்சிரு. அளக்க வர்றப்ப கேப்பேன்."

தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. இந்நேரம் வரப்பு கரைந்துகொண்டிருக்கும். டிஸ்க்கை அரிசிக்குள் வைக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது. உன் விரல் இருந்த இடம் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். போய்ச் சொல்லத்தான் போகிறேன், முதலில் உன் மனைவியிடம். ஆனால் அழித்தவன் பேச்சை யார் நம்புவார்கள்?