நிறுத்தச் சொன்னவன்

மாப்ள,

இன்று காலை ஐசியூவில் ஆவியில் அவித்த, புண்ணுக்கு வைக்கும் காஸ் துணி டப்பாவைத் திறந்தார்கள். சூடான பருத்தி வாசனை. சட்டென்று உன் ஞாபகம். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அந்த மேலூர் கல்குவாரிக்காரர்தான் காரணம். குடலில் ஓட்டை, அவசர ஆபரேஷன், ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல். ரத்தத்தில் பூஞ்சை புகுந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி மருந்தை ஏற்றிவிட்டேன். அதில் அவர் கிட்னி அடி வாங்கியது. கட்டிலில் மாட்டியிருந்த சிறுநீர்ப் பை காலியாகவே தொங்கியது. பூஞ்சையின் சுவர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் டெஸ்ட்டுக்கு உன் லேபுக்கு அனுப்பினேன். எக்கச்சக்கமாக வந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று போனில் பீற்றிக்கொண்டேன்.

மற்ற லேப்காரர்கள் ரிப்போர்ட் அனுப்புவதோடு சரி. நீ படியேறி வந்து போர்வையை விலக்கிப் பார்ப்பவன். புண்ணுக்குள் நாங்கள் திணித்திருந்த துணியைப் பார்த்தாய்.

"இம்புட்டுத் துணிய உள்ள வச்சா டெஸ்ட்டு ஏறாம என்ன செய்யும்? பருத்தியில இருக்கிற அதே மாதிரிச் சமாச்சாரத்தையும் அது பூஞ்சைன்னுதான் காட்டும். எடுத்துட்டு, ரெண்டு மூணு நாள் விட்டு ரெண்டு தடவ ரத்தம் அனுப்பு."

நர்ஸ்கள் முன்னால் வேறு. எனக்குக் கோபமான கோபம்.

துணியை எடுத்துவிட்டு அனுப்பினேன். இரண்டு முறையும் குறைவாகவே வந்தது. ரத்தத்தை வைத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் ஒன்றும் முளைக்கவில்லை. மருந்தை நிறுத்தச் சொன்னாய். உன் கணிப்பு தப்பினால் அவர் உயிர் போகும். மருந்தைத் தொடர்ந்தால் கிட்னி போகும். "ஆளு போயிட்டா அவரு சம்சாரத்துக்கு நீயா பதில் சொல்லுவ?" என்று கத்தினேன்.

"வாரேன். ரெண்டு பேருமாச் சொல்லுவோம்" என்றாய்.

நிறுத்தினேன். மூன்றாம் நாள் பை நிறையத் தொடங்கியது. வயிற்றில் தேங்கியிருந்த சீழை எடுத்ததும் காய்ச்சலும் விட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்து அழுதபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். நான் உன்னைக் காட்டவில்லை. நீ கேன்டீனில் என் செலவில் நாலு வடை தின்றாய், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் டெஸ்ட் குறைவாக வந்தால் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பயப்படாமல் மருந்தை நிறுத்துகிறேன். அந்தத் தைரியம் என்னுடையது இல்லை, உன்னுடையது.

போன வாரம் கல்குவாரிக்காரர் செக்கப்புக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மருந்து குடுத்துக் காப்பாத்துனவுகளத்தான் சார் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். உன்னை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். நீ இல்லை என்றேன். லேப் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.