கழுவியவன் லெவி

ஹாலிஃபாக்ஸ், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள யூனிஸுக்கு லெவி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? என் முதுகு நன்றாக இருக்கிறது.

நான் துடைத்துப் பெருக்கும் நூலகத்தின் கூரையில் புல் வளர்க்கிறார்கள். அதில் விழும் மழை தொட்டியில் சேர்ந்து கழிப்பறைக்கு வருகிறது. நிறம் மட்டும் தேநீர் போல இருக்கும். போன வாரம் ஓர் அம்மா கத்தினார்.

"என்ன பெரியவரே, இதக் கழுவுறதே இல்லையா?"

"இப்பத்தான் கழுவினேன், கண்ணு. அது மழைத்தண்ணி."

"நல்லாத்தான் சமாளிக்கிறீங்க!"

மேலாளர் ஷார்லின், "இப்படியே புகார் வந்தா குழாய்த் தண்ணிக்கே மாத்திடுவாங்க, லெவி" என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. மாலை வகுப்பில் கற்ற எழுத்தில் நானே ஓர் அட்டை எழுதி மாட்டினேன்: 'இது நம் கூரையில் பெய்த மழை. அழுக்கு இல்லை. கழுவியவன் லெவி.' அதே அம்மா அதைப் படித்துச் சிரித்தார். புகார் நின்றது. மழைத் தொட்டி பிழைத்தது.

கம்பளிக் காலுறை அனுப்பு, உன் கையால் பின்னியது. வேலைக்கு நேரமாகிவிட்டது. உன் கடிதங்களை இதுவரை பிறர்தான் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதனால் நீ வானிலையும் மீன் விலையும் மட்டுமே எழுதினாய். இனி வெட்கப்படாதே. பெரிய எழுத்தில் எழுது. படிக்கப்போவது நான் மட்டும்தான்.

உன் லெவி