நான்காம் கட்டத்தின் மேல் ஒரு பனிப்பாறை

ஜனவரி 8

மாத்தே மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சமையற்காரர் ஒவிதியோ ஜன்னல் பக்கம் கை காட்டினார். தேவாலயம் அளவு பனிப்பாறை ஒன்று குடாவுக்குள் வந்து தரைதட்டி நிற்கிறது. இந்தத் தென்துருவ ஆய்வுத்தளத்தில் எல்லோரும் படம் எடுக்க ஓடினார்கள். நான் வரைபடத்தைத் தேடினேன்.

சரியாக, கடலடியில் நான் குறித்துவைத்த நான்காம் ஆய்வுக் கட்டத்தின் மேல்தான். இருபது மீட்டர் ஆழத்தில், நான்கு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே பதினேழு கடற்பஞ்சுகள். பன்னிரண்டு கோடையாக இறங்கி அளக்கிறேன். நடுவில் இருப்பவளுக்கு நான் வைத்த பெயர் குண்டம்மா. இத்தனை வருடத்தில் இரண்டு விரற்கடைதான் வளர்ந்திருக்கிறாள்.

ஜனவரி 9

நகரவில்லை.

ஜனவரி 11

கடல் ஏறும்போது பாறை எழும்புகிறது, வற்றும்போது உட்கார்கிறது. கீழே எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டிருக்கும். நான் என்ன செய்ய? தள்ளவா முடியும்?

ஒவிதியோ அதிலிருந்து உடைந்து மிதந்த துண்டைப் பொறுக்கிவந்து விஸ்கியில் போட்டு நீட்டினார்.

"உங்க எதிரியக் கடிச்சுத் தின்னுங்க, டாக்டர்!"

எல்லோரும் சிரித்தார்கள். குடித்தேன். அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது.

ஜனவரி 17

குடா காலி. போய்விட்டது! ஆனால் ஆளைத் தாக்கக்கூடிய சிறுத்தைக் கடல்நாய் ஒன்று படகுத்துறையைச் சுற்றுகிறது. அது கண்ணில் பட்டால் அன்று யாரும் இறங்கக் கூடாது. கெஞ்சிப் பார்த்தேன். முக்குளிப்பவர்களின் தலைவர் அன்செல்மோ மசியவில்லை.

"பன்னெண்டு வருஷம் பொறுத்தீங்க, இன்னும் ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா? அது உங்கள விருந்துக்கா கூப்பிட வந்திருக்கு?"

எரிச்சலில் சாப்பிடவில்லை.

ஜனவரி 19

இறங்கினோம்.

உழுதுபோட்ட மாதிரி சேறு. கம்பிகள்கூட இல்லை. கையால் துழாவியதில் வெள்ளையாக ஒரு பஞ்சுத் துண்டு கிடைத்தது, உள்ளங்கையளவு. குண்டம்மாவா, வேறொருத்தியா — எப்படித் தெரியும்? முகமூடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

படகில் ஏறியதும் அன்செல்மோ மெதுவாகச் சொன்னார்: "செத்துப்போச்சுன்னு எழுதாதீங்க. இடம் தெரியலன்னு எழுதுங்க. அப்படின்னா அடுத்த வருஷம் தேட வரலாம். செத்துப்போச்சுன்னா திட்டத்தையே மூடிருவாங்க."

ஜனவரி 20

இரண்டு மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டின் பதினேழு வரிகளிலும் 'இறந்தது' என்று எழுதினேன்.

ஜனவரி 26

திட்டம் மூடுமோ மூடாதோ, அதே இடத்தில் புதிதாக நான்கு கம்பிகள் அடித்தோம். முதல் அளவு: உயிர் எதுவும் இல்லை.

புதுக் கட்டத்துக்கான படிவத்தின் கடைசி வரி: 'பத்து ஆண்டு கழித்து அளப்பவர்'. அன்செல்மோ எட்டிப் பார்த்தார்.

"உங்க பேரையே போடுங்க, டாக்டர்."

அறுபதுக்கு மேல் இங்கே யாரையும் இறங்க விடுவதில்லை. அவருக்கும் தெரியும். மே வந்தால் எனக்கு ஐம்பத்தொன்பது.

காலியாக விட்டேன்.