வயோலாவுக்கு இரண்டு சுரம்

8 பிப்ரவரி 2006, புதன்

காலையில் பனி. துணி காயவில்லை. பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு, ஒரே இரைச்சல்.

பிரான்சிலிருந்து நாலு பேரும் வந்துவிட்டார்களாம். இரண்டு வயலின், அதைவிடத் தடித்த குரலில் ஒரு வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் ஒரு செல்லோ. சனிக்கிழமைக் கச்சேரியில் என் உருப்படியும் ஒன்று. பன்னிரண்டு நிமிடம். நோட்டீசில் 'குவார்டெட் 1' என்று மட்டும், அதாவது நாலு வாத்தியத்துக்கு, கீழே என் பெயர். பத்தொன்பது வருஷமாக இசை எழுதுகிறேன், ஒரு தாளைக்கூட யாரும் வாசித்ததில்லை. வீட்டுக் கீபோர்டில் 'ஸ்ட்ரிங்ஸ்' பட்டனை அமுக்கி நானே கேட்டுக்கொள்வதோடு சரி.

செய்ய: புடவைக்கு ஃபால்ஸ். மாவு அரைக்க. தாள்களை இன்னொரு முறை பார்க்க. வாந்தி எடுக்காமல் இருக்க.

என் வீட்டுக்காரர்: "ஏன் பிலோ, பாடுறவங்க யாருமே கிடையாதா? அப்ப சனங்க எதத்தான் கேப்பாங்க?" எனக்கும் அதே பயம்தான். 

9, வியாழன்

ஒத்திகை. 

தாளில் கோடு போட்டுப் பிரித்த முதல் சில கட்டங்களை வாசித்தார்கள். அம்மாடி! இத்தனை நாள் என் தலைக்குள் கிடந்தது. இப்போது மரத்திலிருந்து வருகிறது, நாற்காலிக் கால் வழியாக என் உடம்புக்குள் ஏறுகிறது. செல்லோக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. என் கீபோர்டு மூச்சு விட்டதே இல்லை. அழுதுவிட்டேன். மூக்கு வேறு ஒழுகியது, வெட்கக்கேடு.

பிறகு 61ஆவது கட்டம். அப்பா தறி ஓட்டிய மில்லை மூடி, சங்கு ஊதாமல் போன முதல் காலை, அதை நினைத்து எழுதியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கும். கடைசியில் வயோலா மட்டும், அடிக்குரலில் இரண்டு சுரம், தோவும் மியும், ஒரே நேரத்தில். உருப்படிக்கு உயிரே அங்கேதான்.

வயோலா வாசிக்கும் கிளேர் வில்லை இறக்கினாள். முப்பது வயதிருக்கும். பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னாள்: "மதாம், இது ரெண்டும் ஒரே தந்தியில இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் வரும்."

ஐயோ. கீபோர்டில் இரண்டு விரல் வைத்தால் முடிந்தது. வயோலாவை இன்றுதான் கையெட்டும் தூரத்தில் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷம் என்னத்தைக் கிழித்தேன்?

முதல் வயலின்காரர்தான் தலைவர். கடிகாரத்தைப் பார்த்தார். நாளை காலை பத்து மணிக்குள் திருத்தித் தர வேண்டும். இல்லையென்றால் என் உருப்படி இல்லாமலே கச்சேரி.

10, வெள்ளி

ஐந்தரைக்கே எழுந்தேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை. கீபோர்டில் தோ மட்டும், மி மட்டும், மறுபடி தோ. வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்றார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. ஏதோ ஒண்ணப் போட்டுட்டுப் போவியா, சும்மா அழுதுகினு." கத்திவிட்டேன். பாவம் மனுஷன்.

நான் போவதற்குள் தலைவரே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "மிய செல்லோவுக்குக் குடுத்துட்டேன் மதாம். சுலபம்." வாசித்தும் காட்டினார்கள். அழகாகவே இருந்தது. அதுதான் வம்பு. எல்லாரும் போய்விட்ட வீட்டில் யாரோ துணைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி.

"வேண்டாம் மிசியே" என்றேன். என் வாயா அது? பள்ளியில் மதரிடம் லீவு கேட்கவே எச்சில் விழுங்குகிறவள். "செல்லோ அங்க இருக்கக் கூடாது. வயோலா மட்டுந்தான்."

"அப்ப எந்தச் சுரம் வேணும் உங்களுக்கு?" கிளேர்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. "தோ. மிய எடுத்துடுங்க." யோசிக்கக்கூட இல்லை.

"எவ்ளோ நேரம்?"

எழுதியிருந்தது நாலு எண்ணிக்கை. "வில்லு தீர்ற வரைக்கும்."

தலைவர் என்னையே பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்துத் தான் எழுதியதை அழித்தார். நாலு பேரும் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். நான் சொன்னதை!

11, சனி

அறுபது பேர் இருக்கலாம். புடவை பரவாயில்லை. என் உருப்படி ஆரம்பித்ததும் பின்வரிசையில் ஒருவர், "இன்னும் சுருதிதான் சேக்கறாங்களா?" பக்கத்து அம்மாள், "ஆரம்பிச்சிட்டாங்க, கம்முனு இருங்க." சிரிப்பதா, ஓடிவிடுவதா?

61. ஒற்றைத் தோ. கிளேரின் வில் போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தர்கூட இருமவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. மாதா கோயில் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது வருமே, அந்தப் பயம். இதை நானா எழுதினேன்? சாரத்து வீட்டு அடுக்களையில், அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்து?

கைதட்டினார்கள். எவ்வளவு என்று தெரியவில்லை, காது அடைத்திருந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டரில் வீட்டுக்காரர் பேசவே இல்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அந்தப் பொண்ணு மட்டும் ஒத்தையா வாசிச்சாளே."

"ஆமா."

"மில்லு சங்கு நின்னுபோன அன்னிக்கு எங்க தெரு அப்படித்தான் இருந்துச்சு பிலோ."

நான் அவரிடம் சொன்னதே இல்லை.