மாற்றிய தேதி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மா நலம். முழங்கால் வலி இருந்தது. அடுத்த மாதம் நீ விடுமுறையில் வருகிறாய் என்று படித்துக் காட்டியதும் அதுவும் பாதி போய்விட்டது. உன் அறையைக் கூட்டித் துடைத்து, தலையணைக்கு உறை மாற்றி, பக்கத்து வீட்டுக்காரியிடம் உனக்குப் பெண் பார்க்கச் சொல்லியாயிற்று.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகிறது. நடக்கிறார். சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிறார். பொத்தான் மட்டும் நான் போட வேண்டும். என்னைத் தெரிகிறது. இப்போது சொன்னது பத்து நிமிஷம் கழித்து நினைவில் இல்லை. புகையில் மூளைக்குக் காற்றுப் போகாமல் கெட்டுவிட்டது, போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷம் படகு ஓட்டிய மனுஷன், குளியலறை எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்கிறார்.

அன்றைக்கு நல்ல மழை. தலையை வலிக்கிறது என்று சுக்கானைப் படகில் துணைக்கு வரும் நெட்டையிடம் கொடுத்துவிட்டு, கீழ் அறையில் ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு படுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்து எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்னாலும் படகில் போன நாளெல்லாம் தலைவலி என்பார். வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்குச் சொல்கிறார் என்று நான்தான் வாயை அடைத்தேன். அந்தப் பாவம் என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

புகைக்குழாய் எல்போவில்தான் கசிவு என்று நான் எழுதியதற்கு, இதற்கு முன்னால் நீ எழுதிய பதிலை மறந்திருக்க மாட்டாய். "எல்போவை நான் புதுசா மாத்திக் குடுத்துட்டுத்தானே கிளம்பினேன். கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான். அவனைச் சும்மா விடாதே அக்கா" என்று எழுதியிருந்தாய். அப்படியே நம்பினேன். என்ஜின் புகை வளைந்து வெளியேறும் அந்த எல்போ மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் கறுப்பில் தேதி எழுதியிருந்தாயே. அப்பா பட்டறையில் என்ன சட்டம்? ஒரு சாமானை மாற்றினால் மாற்றிய தேதியை அதன்மேல் எழுத வேண்டும். மாற்றாததன்மேல் தேதி எழுதிய கை நம் வீட்டில் அதுவரை இருந்ததில்லை. தேதியைப் பார்த்தபின் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அத்தானுக்கும்தான்.

கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கும்போது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்தக் கடைக்காரரைக் கேட்டேன். என் புருஷனைக் கொன்ன பாவி என்றுகூடச் சொன்னேன். அவரோ, "கழட்டிக் கொண்டாங்கம்மா, எங்கிட்ட வாங்கினதுன்னா அடியில நம்பர் இருக்கும், பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். அவர் மூஞ்சியில் விட்டெறிவதற்காகத்தான் அதைக் கழற்றப் போனேன்.

கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன். துணி வந்தது. சூட்டுக்குச் சுற்றுகிற துணி, அதன்மேல் கம்பி, அதன் கீழே பசை. எல்லாவற்றுக்கும் அடியில் அதே பழைய எல்போ. என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உன் தேதி துணிமேல் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ துணியில் மறைத்திருக்கிறாய்.

போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. திருகினால் உடையும், உடைந்தால் துளைபோட்டு எடுக்க வேண்டும், மறுநாள் உனக்குப் பயணம். அதுதானே? "முடியல அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படகைக் கட்டிப் போட்டிருப்போம். நான் இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். மூன்று போல்ட் வந்தது, நாலாவது உடைந்தது. அதைத் துளைபோட்டு எடுக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. ஒரே ஒரு மத்தியானம், தம்பி.

புது எல்போ எங்கே போயிற்று என்று நீ எழுதவில்லை, நானே எழுதுகிறேன். கை துடைக்கக் கந்தல் எடுக்க நெட்டை கீழ் அறைப் படுக்கைப் பலகையைத் தூக்கினார். மிதவைச் சட்டைகளுக்குப் பின்னால் கடைக் காகிதம் பிரிக்காமல், கிரீஸ் துடைக்காமல் புது எல்போ கிடந்தது, அதை மாட்டுகிற கேஸ்கெட்டும் கிளாம்ப்பும் கூடவே. அத்தான் தலைவைத்துப் படுத்தது அந்தப் பலகை மேல்தான். நெட்டை கந்தலை எடுக்காமலே மேலே போய்விட்டார்.

நானே மாட்டினேன். ஒரு மணி நேரம் என்ஜினை ஓட்டவிட்டு, இணைப்பில் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பார்த்தேன், கரி படியவில்லை. பிறகுதான் தேதி எழுதினேன். கடைக்காரரிடம் போய், அதே நாலு பேர் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அத்தானுடைய நினைவு நீ ஊருக்குக் கிளம்பிய வாரத்தில் நின்றுபோய்விட்டது. விடிந்ததும் "மச்சான் எல்போவ மாத்திட்டானா?" என்று கேட்பார். மாத்திட்டான் என்பேன். "அவன் கை பட்டா கவலையில்ல" என்று சிரிப்பார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்பார். ஏழு வாரமாக நான் பதில் சொல்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

நீ வா. அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நெட்டையும் சொல்ல மாட்டார். யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அத்தானுக்கு எதிரில் உனக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். முப்பது நாளும் அதில் உட்கார். அவர் கேட்கும்போதெல்லாம் நீயே பதில் சொல். பொய் சொன்னால் உன்னைப் புகழ்வார். உண்மையைச் சொன்னால் அழுவார். அழுதது மறந்து மறுபடியும் கேட்பார். எது உனக்குச் சௌகரியமோ அதைச் சொல்லிக்கொள்.

பழைய எல்போவைத் தூக்கிப் போடவில்லை. துணியும் உன் தேதியுமாக உன் கட்டிலுக்கு அடியில், தலைமாட்டுப் பக்கம் வைத்திருக்கிறேன். ஏதோ உன் சாமான் என்று அம்மா தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கண் மங்கட்டும், கால் தளரட்டும், அதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான். ஞாபகம் மட்டும் உனக்குக் கடைசி நாள் வரை ஒரு துளிகூடக் குறையாமல் இருக்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா