டூசன் தபாற்கந்தோரில் எடுக்கவேண்டிய கடிதம்

ரெய்னர்ஸ் லேன்,
14.11.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பியற்றிஸ் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம் என்றுதான் தொடங்கவேண்டும். பிள்ளை சுகம், கஸ்பர் சுகம், எனக்கு நித்திரை இல்லை. அது ஒரு வருத்தமில்லையாம், டொக்டர் சிரிக்கிறார். கஸ்பருக்குப் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட். நான்கு மாதப் பிள்ளையோ என் தோளைத் தவிர வேறெங்கும் உறங்கமாட்டேன் என்கிறாள். இப்போதுதான் மெதுவாக இறக்கினேன். அவள் எழும்புவதற்குள் இதை முடிக்கவேண்டும்.

கடிதத்தை முதலில் நீங்கள் தனியாக வாசியுங்கள். அப்பா கண்டால் வகுப்பில் வாசிப்பதுபோல உரத்து வாசிக்கத் தொடங்கிவிடுவார். இது அப்படி வாசிக்கிற கடிதம் இல்லை.

வியாழக்கிழமை அண்ணை லொஸ் ஏஞ்சலஸிலிருந்து போன் எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் பெயருக்கு அவன் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்ததாம். அப்பா வரவேண்டிய திகதிக்கு வரவில்லை என்று எழுதியிருந்ததாம். ஓகஸ்டில் அப்பா குளியலறையில் விழுந்தது வெறும் தலைச்சுற்று என்றுதானே எங்களுக்குச் சொன்னீர்கள்? தலைக்குள் ஒரு சிறிய அடைப்பு, இன்னொன்று வரலாம், டொக்டர் பார்த்துச் சரி சொல்லும்வரைக்கும் வாகனம் ஓடவே கூடாது என்று அதில் இருக்கிறதாம். சொன்னபோது மனைவியும் பக்கத்தில் இருந்தார் என்றும் இருக்கிறதாம்.

அம்மா, இதெல்லாம் தெரிந்துகொண்டா கட்டிலும் குசினியும் வைத்த அவ்வளவு நீளமான மோட்டர் ஹோமில் ஏறி, அவரைப் பாலைவனத்துக்குள் ஓடவிட்டீர்கள்?

அண்ணைக்கு வந்த கோபத்தை எழுதமுடியாது. உடனே போய்க் கூட்டிவருகிறேன் என்று நின்றான். எங்கே போவான்? என்னிடம் கேட்டான், “எந்தப் பாதையால போயினம் எண்டு நீ கேக்கேல்லையோ?” நான் கேட்டேன், “வாசலில நிண்டு வழியனுப்பினது நீ. நீ கேட்டனியோ?” வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்டால் காரியம் பிழைக்கும் என்று நீங்கள்தானே சொல்லி வளர்த்தீர்கள். அவன் எஞ்சினியர், நான் தாவரவியல் படித்தவள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அண்ணியும் கேட்கவில்லையாம். முப்பத்தைந்து வருஷம் பூமிசாத்திரம் படிப்பித்த மனிதர் எந்தத் திசையால் போனார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, உங்கள் தபாலட்டை வந்தது. படத்தில் இருக்கிற பெரிய கள்ளிகள், சுவாமியார் பூசையில் கையை உயர்த்தி நிற்கிறமாதிரி நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டுச் சிரித்தேன். அந்தக் கை ஒன்று வர ஐம்பது, அறுபது வருஷமாவது செல்லும் அம்மா, புத்தகத்தில் படித்திருக்கிறேன். கீழே அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி. மாதக் கடைசிவரை டூசன் பக்கத்தில் இப்படியான வண்டிகள் நிற்கிற ஒரு முகாமில் நிற்போம், அந்த ஊர்த் தபாற்கந்தோருக்கு எழுதினால் கிடைக்கும், பிறகு வடக்கே ஆற்றைப் பார்க்கப் போகிறோம்.

எந்த ஆறு என்று அவர் எழுதத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் பிறகு சாம்பியாவிலும் அப்பா கரும்பலகையில் கீறின கொலறாடோ ஆறும் அதன் பெரிய பள்ளத்தாக்கும்தான். புத்தகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு வளைவையும் கீறுவார் என்று அவரிடம் படித்தவர்கள் இங்கே வெம்பிளித் தமிழ்க் கடையில் கண்டால் இன்றைக்கும் சொல்கிறார்கள். போன மாதம் சபாரத்தினம் மாஸ்ரர் மரக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, “கொப்பர் அந்தப் பள்ளத்தாக்கை ஒருக்காவது கண்டவரோ, இல்லாட்டி எங்களைப் பேய்க்காட்டினவரோ?” என்று கேட்டார்.

ஆகவே நீங்கள் நிற்கிற இடம் இப்போது எனக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியாது. மூன்று நாளாக நான் அவனுக்குப் போன் எடுக்கவில்லை. சொன்னால் அவன் பிளேன் ஏறி வந்து உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவான். அப்பா அந்த ஆற்றை இனிக் காணமாட்டார்.

கஸ்பர் என் பக்கம் இல்லை. “கொண்ணைக்குச் சொல்லு. கொப்பருக்கு ஒண்டு நடந்தா அது அவற்ற விருப்பம். எதிரில வாறவன் என்ன பாவம் செய்தவன்?” என்று கேட்டார். அவர் வேலைக்குப் போனபிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் குசினிக்கும் நடக்கிறபோது, எதிரில் வருகிறவனைத்தான் நினைக்கிறேன். அவனுடைய காரின் பின் ஆசனத்திலும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று வருகிறது. பிறகு உங்களை நினைக்கிறேன். அப்பா சக்கரத்தின்மேல் சரிந்தால், அந்த வெட்டையில், அந்த வெயிலில், பக்கத்து ஆசனத்தில் செபமாலையோடு நீங்கள். வண்டியை நிறுத்தக்கூடத் தெரியாமல்.

அப்போதுதான் நீங்கள் செவ்வாய்க்கிழமை போனில் கேட்டது நினைவுக்கு வந்தது. பால் சுரக்க உள்ளி போடு, பால்சுறா வறுத்துச் சாப்பிடு என்றெல்லாம் சொல்லிவிட்டு, நடுவில், “பிள்ளை, நீ லைசென்ஸ் எடுக்க எத்தினை நாள் சென்டது?” என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். அறுபத்துமூன்று வயதில் ஏனம்மா உங்களுக்கு என்றேன். நீங்கள், “சும்மா கேட்டனான்” என்றீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், காசு முடிந்து லைன் அறுந்துபோனது.

நீங்கள் பயந்துபோய்த்தான் கேட்டீர்கள். எனக்கு விளங்க ஆறு நாள் சென்றது. அதற்கு என்னை மன்னியுங்கள்.

கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எட்டு மாதம் சென்றது. மூன்று தரம் பெயில். நாலாந்தரம் வயிறு சக்கரத்தில் முட்டமுட்ட ஓடினேன். சோதிக்க வந்த மனிதர் றோட்டைப் பார்க்காமல் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், பயத்தில் பாஸ் போட்டிருப்பார். உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வராது. அங்கே வண்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. இரண்டே மிதி. இடது காலை மறந்துவிடுங்கள், வலது கால் மட்டும்தான். முதல் நாள் ஓடவேண்டாம், பிறேக் மட்டும் பழகுங்கள். ஊருக்குள் போய் முறைப்படி பழகுநர் அனுமதி எடுங்கள். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்பாவை நம்பாமல், முகாமில் நிற்கிற வேறு ஆரையாவது கேளுங்கள். அப்பா கத்துவார். தன்னுடைய வண்டியை ஒரு பொம்பிளை இடித்துவிடுவாள் என்பார். இடித்தால் இடிபடட்டும், அங்கே கள்ளியைத் தவிர என்ன இருக்கிறது.

அதுவரை வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். சாவி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். மாதக் கடைசி ஆனாலும் சரி, கிறிஸ்மஸ் ஆனாலும் சரி, நீங்கள் ஓடக்கூடிய அன்றைக்கு அப்பாவைப் பக்கத்தில் இருத்தி அந்த ஆற்றுக்குக் கொண்டுபோங்கள். ஓடப் பயம் என்றால் பஸ்ஸில் கொண்டுபோங்கள். இந்த மாதம் முப்பதாம் திகதிக்கு முன் போன் எடுத்து, சாவி என்னிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒன்றாம் திகதி காலையில் அண்ணைக்கு இடத்தைச் சொல்லிவிடுவேன். இதை மிரட்டல் என்று நினைத்தாலும் சரி.

இன்னொன்று. யூனில், பிள்ளை பிறக்க முன், நீங்கள், “நான் வரட்டோ?” என்று கேட்டபோது, பரவாயில்லை அம்மா, கஸ்பர் நிற்கிறார், ஏலும் என்றேன். எனக்கு ஏலாமல்தான் இருந்தது. வேண்டாம் என்றாலும் வந்து நிற்பீர்கள் என்று நினைத்திருந்தேன். பிறகு உங்கள்மேல் மனஸ்தாபப்பட்டேன். பிள்ளையின் ஞானஸ்நானத்தையும் உங்களுக்காகத்தான் தள்ளிப்போட்டிருக்கிறேன், சுவாமியார் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். ஆனால் அதற்காக அவசரப்படவேண்டாம். இப்போது அப்பாவின் முறை.

பிள்ளை அசைகிறாள். மடு மாதா உங்கள் இருவரையும் அந்த நீளமான றோட்டில் கைவிடாமல் காக்கவேண்டும்.

அன்பு மகள்,
பியற்றிஸ்

அப்பாவோடு எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். கோபம் இருக்கிறது. ஆனால், இல்லை என்றே சொல்லுங்கள்.