நான் அடித்த வரி

அண்ணாச்சி,

இன்று காலை மேசை இழுப்பறையில் பழைய சிவப்பு மைப் புட்டி ஒன்று அகப்பட்டது. மை காய்ந்து அடியில் ஒட்டிக் கிடந்தது. தூக்கிப் போடுமுன் கழுவலாமென்று குழாயில் பிடித்தேன். தண்ணீர் பட்டதும் சிவந்துவிட்டது. கூடவே அந்தப் பழைய வாசனையும் எழும்பியது. அதற்குப் பிறகு உங்கள் தாள்களை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றே தாள்கள். ஸ்டோர் படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியவை. உங்கள் பென்சிலைவிட என் சிவப்புதான் அதிகம் தெரிகிறது.

எழுபதுகளின் நடுவில் நம் தமிழ்ச் சங்கத்தார் ஆண்டு மலர் போட நினைத்தார்கள். பள்ளியில் தமிழ் நடத்துகிறவன் என்பதால் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புசா ரோடு பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். போர்க்காலத்தில் தில்லியின் ஓரத்தில் இருந்த விமானப்படைப் பயிற்சி நிலையத்துக்கு மெக்கானிக்காக வந்தவர் நீங்கள். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, ஆட்களும் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் ஸ்டோர் கீப்பராக அங்கேயே தங்கிவிட்டீர்கள். மலருக்குச் சண்டைக் கதை ஒன்று வேண்டும் என்றேன்.

"ட்ரெயினிங் ஸ்டேஷன்ல சண்டை ஏது சார்வாள்? பயலுவ பறக்கப் படிச்சானுவ, போயிட்டானுவ. அதுக்குப் பொறவு நடந்ததுல்லா கதை" என்றீர்கள்.

அதைத்தான் எழுதிக்கொண்டு வந்தீர்கள். பிரிவினையில் ஓடிவந்த குடும்பங்கள், விமானங்களை நிறுத்திவைத்த ஹாங்கருக்குள் கட்டில் விரிப்புகளைத் தொங்கவிட்டு அறை பிரித்துக்கொண்டார்கள். ஓடுபாதையில் மாங்காய்த் துண்டுகளைக் காயப்போட்டார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்துப் போனதும் அதே ஹாங்கர் கோதுமைக் கிடங்காயிற்று. அப்புறம் அந்தக் காற்றுப் பை. விமானிக்குக் காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டும் துணிப் பை அது. விமானமே வராத இடத்தில், அது கிழியும்போதெல்லாம் உங்கள் பழைய வேட்டியில் புதிதாக ஒன்று தைத்து ஏற்றினீர்கள். கிடங்கு அதிகாரி இது எதற்கென்று கேட்டாராம். நீங்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருந்தீர்கள்: "பிளேன் வராட்டா என்ன, காத்து வருதுல்லா."

நான் என்ன செய்தேன்? பரீட்சைத் தாள்களுக்குச் செய்வதையே செய்தேன். ஹாங்கரை 'வானூர்திக் கொட்டகை' ஆக்கினேன். 'பொறவு' 'பின்னர்' ஆயிற்று. 'ஜல்தி' 'விரைவாக' ஆயிற்று. காற்றுப் பை வந்த பத்தி முழுவதையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதினேன். நண்பருக்கு உதவி செய்துவிட்ட நிம்மதியில் அச்சுக்கு அனுப்பினேன்.

மலர் வெளியான அன்று, கையில் காப்பி டம்ளருடன் நின்றபடியே அந்த இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தீர்கள்.

"நல்லாயிருக்கு சார்வாள். யாரு எழுதுனது?"

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். கட்டுரையின் கீழே உங்கள் பெயர்தானே இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், "கொட்டகைன்னதும் நம்மூரு டூரிங் டாக்கீஸோன்னு நெனச்சிட்டேன்" என்று எனக்காக ஒரு சிரிப்பு சிரித்தீர்கள்.

மீதியை அடுத்த மலருக்குக் கேட்டேன். "அச்சா, பாப்போம்" என்றீர்கள். அதற்கு அடுத்த வருடமும் விடாமல் கேட்டேன். "நீங்களே எழுதிருங்க சார்வாள். தப்பில்லாம வரும்" என்றீர்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அன்றே மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். சில வருடங்களில் ஹாங்கரையும் இடித்துவிட்டார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வரிசையாக அடுக்குமாடி வீடுகள். இங்கே விமானம் இறங்கியதுண்டா என்று காவலாளியிடம் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். உங்கள் மூன்றாவது தாள் கோதுமைக் கிடங்கோடு நிற்கிறது. அதற்கும் இடித்த நாளுக்கும் நடுவே அங்கே என்ன நடந்தது, யார் வந்து போனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லக்கூடியவரை நான்தான் நிறுத்திவிட்டேன்.

பிற்பாடு, புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களிடம் ஓர் உதாரணம் சொல்வேன். குழந்தை கோணலாக வரைந்த வீட்டை அளவுகோல் வைத்து நேராக்கினால் சுவர் நேராகிவிடும், ஆனால் குழந்தை அதைத் தன் வீடு என்று சொல்லாது என்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அது எங்கே கற்ற பாடம் என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

இன்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நான் அடித்த பத்தியைச் சிவப்புக்கு அடியில் தேடித் தேடிப் படித்து, நீல மையில் பிரதி எடுத்தேன். 'வருதுல்லா' என்ற இடத்தில் கை தானாக ஒரு நொடி நின்றது, அண்ணாச்சி. பிறகு நீங்கள் எழுதியபடியே எழுதினேன்.